எலி பிடிக்க ஒரு விடுமுறை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகின் விநோத விடுமுறைகள் என்று பட்டியல் போடும்போதெல்லாம் ட்ரிஸ்டன் டா குன்யா தீவின் எலி பிடிக்கும் நாளும் அதில் ஒரு வரியாக வந்துவிடுகிறது. வேளாண் பக்கத்தில் விரிவாக வரவேண்டிய செய்தி அது.

தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள அந்தத் தீவில் 250 பேர்கூட இல்லை. விமான தளம் கிடையாது. கேப்டவுனிலிருந்து கப்பலில் போக ஏறக்குறைய ஒரு வாரமாகும். 1882-இல் 'ஹென்றி பி. பால்' என்ற கப்பல் கரைதட்டியபோது அதிலிருந்த எலிகள் தீவில் ஏறிவிட்டன. அங்கே உருளைக்கிழங்குதான் உயிர்நாடி. 1946-இல் தயாரான ஒரு தபால்தலை மாதிரியில் ஒரு பென்னிக்கு ஈடாக நான்கு கிழங்கு என்றே விலை அச்சிட்டிருந்தார்கள்! ஊருக்கு மேற்கே சுமார் 3 கி.மீ. தொலைவில், கல் அடுக்கிய சுவர்களுக்குள் சிறு சிறு பாத்திகளாகப் பயிரிடுகிறார்கள். காற்றைத் தடுக்கும் அந்தச் சுவரின் இடுக்குகளே எலிக்கு வளையாகிவிடுகின்றன.

வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில் ஒரு நாள் விடுமுறை விட்டு, அணி அணியாக நாய்களோடு இறங்குகிறார்கள். சுவர்க் கல்லைப் பெயர்த்து, வளையைத் தோண்டி அடிப்பார்கள். பெயர்த்த கல்லை உடனே அடுக்கிவிட வேண்டும், இல்லையேல் மாடு புகுந்துவிடும். மாலையில் வால்களை எண்ணுவார்கள். வாலை மட்டும் அறுத்து வருவதால் சுமையும் இல்லை, ஒரே எலியை இருமுறை கணக்குக் காட்டவும் முடியாது. அதிக வால் கொண்டுவந்த அணிக்கு ஒரு பரிசு, மிக நீளமான வாலுக்கு ஒரு பரிசு.

எல்லோரும் ஒரே நாளில் இறங்குவதில்தான் விஷயமே இருக்கிறது. எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். ஒருவர் பாத்தியை மட்டும் சுத்தம் செய்தால் பக்கத்துப் பாத்தி எலி காலி வளையில் குடியேறிவிடும். பக்கத்து வயல்காரர் கிட்டி (எலிப்பொறி) வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது நம் டெல்டா விவசாயிகளுக்குத் தெரியாததல்ல. இதனால் எலி அடியோடு ஒழிந்துவிடாது, பெருக்கம்தான் மட்டுப்படும். முற்றாக ஒழிப்பது லேசான காரியமும் அல்ல. அதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த காஃப் தீவில் 2021-இல் ஹெலிகாப்டரில் விஷ உணவு தூவியும் சுண்டெலி மிஞ்சிவிட்டது.

டிசம்பர் 31 அன்று இளைஞர்கள் முகமூடி அணிந்து ஊரைப் பயமுறுத்தும் வழக்கமும் ட்ரிஸ்டனில் உண்டு. அதைவிடச் சொல்ல வேண்டியது, நாள்காட்டியில் இல்லாத மீன்பிடி நாள். அதிகாலையில் கடலைப் பார்த்து, அலை அடங்கியிருந்தால் தொங்கவிட்ட காலி எரிவாயு உருளையை மணியாக அடிப்பார்கள். அரசு ஊழியர்கள் உட்பட மீன்பிடிக்கும் ஆட்கள் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுச் சிங்கிறால் பிடிக்கப் படகேறுவார்கள். துறைமுகம் மிகச் சிறியது. படகை அங்கேயே நிறுத்திவைக்க முடியாது. காலையில் கிரேனால் இறக்கி, திரும்பியதும் தூக்கிக் கரையில் வைத்தாக வேண்டும். பகலில் காற்று திசை மாறினால் பிடித்தவரை போதும் என்று திரும்பிவிடுவார்கள். அன்றைக்கு அலுவலகம் போய்க் காத்திருப்பவர் மறுநாள்தான் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி