சிவப்பைப் பாதியில் விட்டுவிடும் உங்கள் மென்பொருள் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைமை அலுவலர் அவர்கள்

பொருள்: கடைசி அப்டேட்டுக்குப் பிறகு நிறம் மாற்றும் கருவியில் ஏற்பட்ட கோளாறு, உதவி மையத்தின் அவமரியாதை, சந்தாப் பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்தக் கடிதத்தையாவது யாராவது ஒருவர் முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுத வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உதவி மையத்தில் ஒவ்வொரு முறையும் புதிய ஆள் பேசுகிறார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லி முடித்ததும் ஒரு புகார் எண் வருகிறது, மறுநாளே "தீர்க்கப்பட்டது" என்று மின்னஞ்சல் வருகிறது. எது தீர்ந்தது, யார் தீர்த்தார்கள்?

நான் பவானியில் திருமண ஆல்பம் வடிவமைப்பவள். ஆல்பத்தில் படங்களுக்குப் பின்னணியாக வைக்கும் டிஜிட்டல் ஸ்கிராப்புக் தாள்களையும் நானே தயாரிக்கிறேன். 12 அங்குலச் சதுரம், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் (300 டிபிஐ), அதாவது நீளமும் அகலமும் 3600 பிக்சல். ஒரே தாளில் ஓரிரு நிறங்களை மட்டும் மாற்றி அந்தந்தக் குடும்பத்துக்கு ஏற்றபடி கொடுப்பதுதான் என் பிழைப்பு. உங்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டியதும் இந்த ஒரு கருவிக்காகத்தான்.

எங்கள் ஊர் ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகளை ஸ்கேன் செய்து ஒரு தாள் உருவாக்கியிருந்தேன். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் அதில் உண்டு. ஒரு திருமண வீட்டார் இணைச்சீர் என்ற திருமணச் சடங்கின் படங்கள் வரும் பக்கங்களுக்கு அந்தத் தாளைக் கேட்டார்கள்; சிவப்புக் கோடுகள் மட்டும் மணப்பெண்ணின் கூறைச் சேலையைப் போல அரக்கு நிறத்தில் வேண்டும் என்றார்கள். பழைய பதிப்பில் இது ஐந்து நிமிட வேலை. அப்டேட்டுக்குப் பிறகு, நிறத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐட்ராப்பரால் சிவப்பைத் தொட்டால் கோட்டில் பாதி நூல்தான் மாறுகிறது. மீதி பழைய சிவப்பிலேயே பொட்டுப் பொட்டாக நிற்கிறது. தொட்ட நிறத்தை ஒட்டிய நிறங்களை எவ்வளவு தூரம் சேர்க்கலாம் என்ற அளவான டாலரன்ஸைக் கூட்டினால் பக்கத்து மஞ்சள் கோடும் அரக்காகிவிடுகிறது. விடுபட்ட சிவப்போ அப்போதும் அப்படியே இருக்கிறது.

இதை விளக்கியபோதுதான் உங்கள் ஊழியர் ஒருவர் கேட்டார்: "அம்மா, உங்களுக்குச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? முதலில் கண்ணைச் சோதித்துப் பாருங்கள்."

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நூலுக்குச் சாயம் ஏற்றியவர்கள். தொட்டியிலிருந்து எடுத்த ஈர நூலைப் பார்த்தே, காய்ந்தால் என்ன நிறத்துக்கு வரும் என்று என் அப்பா சொல்லிவிடுவார். அவர் மடியில் உட்கார்ந்து நிறம் பழகிய என்னிடம், கருவியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஒருவர் கண்ணைச் சோதிக்கச் சொல்கிறார். அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரக் குரலே சொன்னது. எடுத்துக் கேளுங்கள். பின்னால் இன்னொருவர் சிரித்ததும் அதில் இருக்கும்.

கோளாறு எங்கே என்று நானே கண்டுபிடித்தும் சொன்னேன். நிறங்களை 360 பாகை வட்டமாக வரிசைப்படுத்தும் ஹியூ வட்டத்தில் சிவப்பு நிற்பது 0 பாகையில், அதுவேதான் 360. ஆரஞ்சை ஒட்டிய சிவப்பு 0க்கு மேலே, ரோஜாவை ஒட்டிய சிவப்பு 350களில். உங்கள் கருவி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை விட்டுவிடுகிறது. பச்சையிலும் நீலத்திலும் இந்தச் சிக்கல் இல்லை. முழுத் தாளின் ஹியூவையும் 60 பாகை நகர்த்திப் பார்த்தேன். சிவப்பு மஞ்சளானது. அதே டாலரன்ஸில் அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நூல் விடாமல் கோடு முழுவதும் சிக்கியது. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? உங்கள் மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இதற்கு உங்கள் ஆள் தந்த பதில்: "அப்படியென்றால் அப்படியே செய்துகொள்ளுங்கள்." ஒவ்வொரு தாளையும் 60 பாகை திருப்பி, மாற்றி, மறுபடி பின்னுக்குத் திருப்புவதற்கா பணம் கட்டினேன்?

கோவைப் பயணத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சிபியுவைக் கொண்டுவந்தால் சேவை மையத்தில் நேரில் பார்ப்பார்கள் என்று உங்கள் மையம்தான் முகவரி கொடுத்தது. பெருந்துறை, அவினாசி என்று நெரிசலான பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்துகொண்டு போனேன். அங்கே இருந்தவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "இது விற்பனைக் கடை, அம்மணி. மென்பொருளைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லி ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார். அந்த மரியாதைகூட உங்களிடம் கிடைக்கவில்லை.

இழப்பையும் கேளுங்கள். திரையில் சுருக்கிப் பார்க்கும்போது தெரியாத சிவப்புப் பொட்டுகள் அச்சில் பளிச்சென்று தெரிந்தன. பக்கங்களை என் செலவில் மறுபடி அச்சிட்டேன். அப்படியும் அந்த வீட்டார் அடுத்து வந்த காதுகுத்து ஆல்பத்தை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். பவானி, அந்தியூர், கோபி எங்கும் என் பெயர் கெட்டுவிட்டது. இத்தனை காலம் சேர்த்த தொழிலையே அழித்துவிட்டீர்கள்.

தங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. கோளாறைச் சரிசெய்யுங்கள், அதுவரை பழைய பதிப்பை நிறுவ வழி கொடுங்கள். இரண்டும் முடியாதென்றால் இந்த ஆண்டுச் சந்தாவையும் மறு அச்சுச் செலவையும் திருப்பித் தாருங்கள். கண்ணைப் பற்றிப் பேசிய அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், பிறகு ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தொழிலுக்கு வாங்கியது என்று நீங்கள் தப்பிக்கவும் முடியாது. சுயதொழில் செய்து பிழைக்க வாங்குபவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். அந்த நிலைக்குப் போகாமல் முடித்துத் தருவீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

மூலத் தாள், பாதி மாறிய தாள், 60 பாகை திருப்பிச் சோதித்த தாள், சந்தா ரசீது, மறு அச்சு பில் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். தாள்களை 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.