கும்பகோணத்தில் பேட்டரி சைக்கிள்களுக்கு நிழலும் மின்னேற்ற வசதியும் கோரும் மனு

அனுப்புநர்:
பாபநாசம் வட்டாரக் கிராமங்களிலிருந்து கும்பகோணத்துக்கு பேட்டரி சைக்கிளில் வேலைக்கு வந்துபோகும் தொழிலாளர்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: வாகன நிறுத்துமிடங்களில் பேட்டரி சைக்கிள்களுக்கு மேற்கூரை, மின்னேற்ற வசதி ஆகியவற்றையும், சைக்கிளுக்குரிய கட்டணமே வாங்க ஆணையையும் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். பாபநாசம், சுந்தரப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கும்பகோணம் ஜவுளிக்கடைகளுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் நாள்தோறும் வேலைக்கு வருகிறோம். எங்களில் பலர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், பாதிப்பேர் பெண்கள்.

பெட்ரோல் விலைக்குப் பயந்துதான் பேட்டரி சைக்கிள் வாங்கினோம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியை முழுதாக ஏற்ற அரை யூனிட் மின்சாரம்கூடச் செலவாவதில்லை. ஆனால் எங்களை இதற்கு மாற்றியது இரவுப் பயணம். கடை அடைத்து வெளியே வரும்போது உட்கிராமங்களுக்கு நகரப் பேருந்து இருப்பதில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் பெரிய உதவி. பேருந்தே இல்லாத நேரத்தில் அதனால் என்ன பயன்? நாள் முழுக்க நின்று வேலை பார்த்த கால்களோடு மேற்கு நோக்கித் திரும்ப வேண்டும். ஆடி மாதத்தில் மேல்காற்று நேரே நெஞ்சில் மோதும். சாதாரண சைக்கிளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போன இடங்களில் இப்போது மோட்டார் துணையோடு மிதித்துப் போய்விடுகிறோம். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாத பெண்களுக்கும் இது பள்ளி நாளிலிருந்து பழகிய சைக்கிள்தான்.

இந்த நிம்மதிக்கு நகரத்தில்தான் தடை. நிறுத்துமிடங்களில் எங்கள் வண்டிகள் வெட்டவெளியில் பகல் முழுக்கக் காய்கின்றன. லித்தியம் பேட்டரிக்கு வெயில் ஆகாது; சூட்டில் அதன் ஆயுள் குறைந்துவிடும். புது பேட்டரி மாற்றுவதென்றால் ஒரு மாதச் சம்பளமே போய்விடும். கழற்றிக் கடைக்குள் வைக்கலாம் என்றால், தீப்பிடிக்குமோ என்று முதலாளிகள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பகலில் மின்னேற்ற இடமில்லாமல் பேட்டரி பாதி வழியில் தீர்ந்துவிட்டால், கூடுதல் எடையுள்ள அந்த வண்டியை இருட்டில் மிதித்தே வீடு சேர வேண்டியிருக்கிறது. இதற்கிடையே, மோட்டார் இருக்கிறது என்று சொல்லிச் சில நிறுத்துமிடங்களில் இருசக்கர வாகனக் கட்டணம் வாங்குகிறார்கள். வாகனச் சோதனையின்போது ஓட்டுநர் உரிமம் கேட்டு நிறுத்திவைப்பதும் உண்டு. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட பேட்டரி வண்டி, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. அதற்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

எனவே கும்பகோணம் பேருந்து நிலையத்தை ஒட்டி, கூரையிட்ட ஒரு பகுதியைப் பேட்டரி சைக்கிள்களுக்கென ஒதுக்கி, காவலாளியின் கண்பார்வையில் மின்னேற்றும் வசதியைப் பாதுகாப்பாக அமைத்துத்தர வேண்டுகிறோம். மின்சாரத்தை இலவசமாகக் கேட்கவில்லை. ஆகும் கட்டணத்தைச் செலுத்துகிறோம். நிறுத்துமிடங்களில் சைக்கிள் கட்டணமே வாங்கவும், மேற்கண்ட விதியைக் காவல்துறையினருக்குச் சுற்றறிக்கையாக அனுப்பவும் ஆணையிட வேண்டுகிறோம். கூரைப் பணியை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துத்தந்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், விதியின் நகல்