கார் சாவிக்கு பேட்டரி செல் மாற்றினேன், அப்பா

வின்னிபெக், கனடா, ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்குச் சளி விட்டது, மறுபடி வீடெல்லாம் ஓட்டம்தான்.

போன வியாழக்கிழமை இங்கே மைனஸ் 28. எஞ்சின் உறையாமல் இருக்க, ராத்திரி காரையே கரண்டில் மாட்டி வைப்போம் என்று சொன்னேனே, அந்த மாதிரிக் குளிர். மளிகை வாங்கிக்கொண்டு, இடுப்பில் பாப்பாவோடு வந்து ரிமோட் சாவியை அமுக்கினால் கதவு திறக்கவில்லை. சாவியில் செல் தீரப்போகிறது என்று ஒரு வாரமாகவே வண்டி காட்டிக்கொண்டிருந்தது. குளிரில் செல்லின் வேகம் குறையும். தீரும் நிலையில் இருந்தால் படுத்தே விடும்.

நல்லவேளை, ரிமோட்டுக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி இருக்கிறது. அதை உருவிக் கதவைத் திறந்தேன். அப்புறம் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினேன். எஞ்சின் உடனே எடுத்தது! ரிமோட்டில் செல் இல்லாமலே வேலை செய்யும் ஒரு சிப் உண்டு. பக்கத்தில் கொண்டுபோனால் அதற்கு வேண்டிய சக்தியை வண்டியே கொடுத்துவிடும். அதை யோசித்து வைத்தவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பாப்பா தூங்கினதும், உங்கள் மேஜையில் விரிப்பதுபோல வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். இரும்புச் சாவி இருந்த பள்ளத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து மெல்லத் திருப்பினேன். டக். வாட்ச் மூடி கழலும் அதே சத்தம், அப்பா. கொஞ்ச நேரம் கும்பகோணத்தில் நம் கடையில் இருந்தேன். "கழற்றுமுன் பிளஸ் எந்தப் பக்கம் என்று பார், விரல் படாமல் துணியால் பிடி" என்பீர்களே, அப்படியே செய்தேன். இந்தச் செல் 2032. குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2, அதுதான் பெயரே. நம் கடையின் 626 வாட்ச் செல் இதன் பக்கத்தில் மிளகு மாதிரி இருக்கும். அது ஒன்றரை வோல்ட், இது 3 வோல்ட். புதுசைப் போட்டு அமுக்கினதும் ஜன்னலுக்கு வெளியே பனிக்குள் காரின் விளக்கு இரண்டு தரம் மின்னியது.

புதுச் செல்லின் உறையைக் கத்தரிக்கோல் வைத்துத்தான் வெட்ட முடிந்தது. குழந்தைகள் கைக்குப் போகக் கூடாதென்றே அப்படிச் செய்கிறார்கள். விழுங்கிய செல் தொண்டைக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் கரண்ட் ஓடி, இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துபோகுமாம். வாட்சுக்கு உதவாத பழைய செல்லும் இதைச் செய்யும். கழற்றியதன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கும் பெட்டியில் போட்டுவிட்டேன்.

ஜூனில் பாப்பாவோடு வருகிறோம். கடையில் பழைய செல் போட்டு வைக்கும் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை அதற்குள் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள் அப்பா. மேஜைக்கு அடியிலும் ஒருமுறை பெருக்கச் சொல்லுங்கள். அவள் கீழே கிடப்பதை எல்லாம் வாயில் போடுகிறாள்.

உங்கள் அன்பு மகள்