பிளாக்லெட்டர் எழுத்து கேட்டு வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். “நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் தலைப்பில் இருக்கிறதே, அந்த எழுத்தில் அடித்துக் கொடுங்கள்” என்று கேட்டு எங்கள் அச்சகத்துக்கு வருபவர்கள் அதிகம். பெரும்பாலும் சான்றிதழுக்கும் கேடயத்துக்கும் கேட்கிறார்கள். சிலர் கடைப் பலகைக்கும் கேட்கிறார்கள். அச்சுத் தொழிலில் இதற்குப் பிளாக்லெட்டர் என்று பெயர். கணினியில் ஓல்ட் இங்கிலீஷ் என்ற எழுத்துருவாகப் பலர் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த எழுத்து இது. அதனால்தான் இதை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறோம்.

இதன் அழகு முழுவதும் பேனாவிலிருந்து வந்தது. அகன்ற, தட்டையான முனை கொண்ட இறகுப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து ஐரோப்பிய மடாலயங்களில் நூல்களைப் படியெடுத்தார்கள். கீழ்நோக்கி இழுத்தால் தடித்த கோடு விழும்; முனையின் விளிம்புப் பக்கமாக நகர்த்தினால் மயிரிழைக் கோடு விழும். வளைய வேண்டிய இடத்தில் கோடு வளையாமல் முறிந்து திரும்பும். இந்த எழுத்தில் ‘ஓ’ கூட வட்டமாக இருக்காது, ஆறு பக்கக் கட்டமாக நிற்கும். 1450களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் பைபிளை அச்சிட்டபோது, அன்றைய கையெழுத்துப் படிகளில் இருந்த டெக்ஸ்டூரா என்னும் வகையைத்தான் உலோக அச்சாக வார்த்தார். பின்னர் ஜெர்மனியில் பிராக்டூர் என்ற வகை தோன்றி இருபதாம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது.

இதை நாஜிகளின் எழுத்து என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அவர்கள் தொடக்கத்தில் இதைக் கொண்டாடியது உண்மைதான். ஆனால் 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சியின் உயர் பொறுப்பில் இருந்த மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை, இதை யூத எழுத்து என்று பொய்யாகப் பழித்துக் கைவிடச் சொன்னது. நாஜிகளுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே பிறந்த எழுத்தின் மேல் அவர்களின் பழியைச் சுமத்துவது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து. ஆனாலும் அச்சடித்தது ஜெர்மனிக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அங்கே சில சொற்களோடு இது சேரும்போது நாஜிகளை நினைவூட்டும் பொருள் தொனிக்கும்.

இனி ஆர்டர் விஷயம். பெயர் முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) அடிக்கச் சொன்னால் நாங்கள் மறுப்போம். ஒவ்வொரு பெரிய எழுத்தும் கொடியும் இரட்டைக் கோடுமாக, ஒரு சொல்லின் தொடக்கத்தில் தனித்து நிற்பதற்காக வரையப்பட்டது. அவற்றையே வரிசையாக நிறுத்தினால் பெயருக்கு உரியவரே தம் பெயரைத் தேட வேண்டியிருக்கும். முதல் எழுத்து பெரியது, மற்றவை சிறியவை என்பதே இதற்கு ஏற்ற முறை.

சிறிய எழுத்துகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ‘மினிமம்’ என்ற ஆங்கிலச் சொல்லை டெக்ஸ்டூராவில் எழுதினால் ஒரே மாதிரியான பதினைந்து குத்துக்கோடுகள் சீப்புப் பற்களைப் போல நிற்கும். எது ‘எம்’, எது ‘என்’ என்று பிரிப்பது கடினம். உங்கள் பெயரில் எம், என், ஐ, யு நெருங்கி வந்தால் மாதிரியைப் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

ஆகவே தலைப்புக்கும் பெயருக்கும் மட்டும் இதைக் கேளுங்கள். சான்றிதழின் மற்ற வரிகளைச் சாதாரண ரோமன் எழுத்தில் அமைக்கிறோம். பல நாளிதழ்களும் இந்த எழுத்தைப் பெயர்ப்பட்டையில் மட்டும் வைத்துவிட்டு, செய்தியை வேறு எழுத்தில்தான் அடிக்கின்றன. உலோகத்தில் பொறிப்பதற்கும் துணியில் தைப்பதற்கும் கேட்டால் அளவைப் பெரிதாகவே வைப்போம். சிறியதாக்கினால் முதலில் காணாமல் போவது அந்த மயிரிழைக் கோடுகள்தான்.

தமிழையும் இதே பாணியில் உடைத்து எழுதித் தரச் சொல்கிறார்கள். அதை நாங்கள் செய்வதில்லை. மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் வேறுபடுவதே சுழிகளின் எண்ணிக்கையில்தான். சுழியை முறித்துக் கோடாக்கினால் அந்த வேறுபாடு மங்கிப்போகும். தமிழ்ப் பெயரைத் தடித்த, நேரான தமிழ் எழுத்துருவில் வைத்து, ஆங்கிலப் பெயரைப் பிளாக்லெட்டரில் அருகில் வைத்தால் இரண்டுக்கும் மரியாதை கிடைக்கும். விரும்புபவர்களுக்கு மாதிரி காட்டுகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்ஸ்டாகிராம் பெயர்களில் வரும் அலங்கார எழுத்துகளை நகலெடுத்து அப்படியே எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அவற்றில் பல எழுத்துருவே அல்ல. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் கணிதத்துக்காக ஒதுக்கப்பட்ட குறியீடுகள். எங்கள் மென்பொருளில் அவை கட்டங்களாக மாறிவிடலாம். பெயரைச் சாதாரண ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, எழுத்துக்கூட்டலை ஒருமுறை சரிபார்த்து அனுப்புங்கள். மாதிரி தயாரானதும் உங்களுக்கு அனுப்புவோம். நீங்கள் சரி என்று சொன்ன பிறகே அச்சுக்குப் போகும்.

அன்புடன்,
அச்சகத்தார்