கம்பி தொய்யட்டும்

மயிலாப்பூர்,
சென்னை

அன்புள்ள சேகர்,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதே.

பங்குனிப் பெருவிழாவுக்காக எங்கள் தெருவில் விளக்கு கட்டினார்கள். எதிரெதிர் மொட்டைமாடிகளுக்கு இடையே 8 மீட்டர். நடுவில் 100 கிலோ எடையுள்ள விளக்குச் சட்டம், தாங்க 6 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி. தொய்வு பார்க்க அழகாக இல்லையென்று கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை முறுக்கிக்கொண்டே போனார்கள். நான் கைப்பிடிச் சுவரில் பதித்திருந்த கொக்கியைப் பார்த்தேன். அதன் அடியிலிருந்து பழைய சுண்ணாம்பு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. உடனே நிறுத்தச் சொன்னேன்.

"நூறு கிலோதானே சார், சுவருக்கு ஐம்பது ஐம்பது" என்றார் மேஸ்திரி. செங்குத்தாகத் தொங்கினால் அவர் சொன்னது சரி. சாய்ந்த கம்பியில் எடையைச் சுமப்பது இழுவிசையின் செங்குத்துக் கூறு, அதாவது மேல்நோக்கித் தூக்கும் பங்கு மட்டும்தான். மற்றதெல்லாம் இரண்டு சுவர்களையும் தெருவை நோக்கி இழுக்கிறது. தொய்வு 1 மீட்டர் என்றால் இழுவிசை 206 கிலோ. 40 சென்டிமீட்டர் என்றால் 502. 20 சென்டிமீட்டருக்கு இறுக்கினால் ஏறக்குறைய 1,000 கிலோ! அந்தப் பழைய சுவர் இதை எப்படித் தாங்கும்? கம்பியிலும் சதுர மில்லிமீட்டருக்கு 347 நியூட்டன் ஏறும். சாதாரண எஃகு 250-ஐத் தாண்டினால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும்.

அன்றிரவு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கம்பியின் நீட்சியையும் போட்டுப் பார்த்தேன். என்னை அசரவைத்தது அதுதான். எடை ஏறுமுன் 40 சென்டிமீட்டர் தொய்வுக்கு அளந்து வெட்டிய கம்பி என்று வைத்துக்கொள். ஒவ்வொரு பாதியும் நீள்வது வெறும் 3.25 மில்லிமீட்டர். ஆனால் விளக்கு இறங்குவதோ 3 சென்டிமீட்டருக்கு மேல். கம்பி படுக்கையாக இருக்க இருக்க, துளி நீட்சியும் பெரிய இறக்கமாகிறது. இறங்கியதும் கோணம் மாறி இழுவிசை 466-க்குக் குறைகிறது. இழுவிசை குறைந்தால் நீட்சியும் குறைய வேண்டும். ஆகவே ஒரே கணக்கை நாலைந்து முறை திரும்பப் போட்டால்தான் விடை நிலைகொள்கிறது. கம்பி தானே நீண்டு தன் பாரத்தைக் குறைத்துக்கொள்வதைத் தாளில் பார்த்தபோது நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை 1 மீட்டர் தொய்வு விட்டுக் கட்டினோம். கொக்கியையும் கைப்பிடிச் சுவரிலிருந்து எடுத்துக் கான்கிரீட் தூணுக்கு மாற்றினோம்.

முப்பது வருடம் மின்கம்பி இழுத்தவன் நீ. அன்றைய வெயிலைப் பார்த்துத்தான் தொய்வு வைப்போம் என்று அடிக்கடி சொல்வாய். எந்த வெயிலுக்கு எவ்வளவு தொய்வு என்ற அட்டவணை இன்னும் உன்னிடம் இருந்தால் ஒரு நகல் அனுப்பு. அறுபத்துமூவர் விழாவுக்கு வந்தால் நம் வீட்டிலேயே தங்கு. மாடிப்படி ஏற முடியாவிட்டாலும் திண்ணையிலிருந்தே விளக்கு தெரியும்.

அன்புடன்,
ராமு