அந்தப் பட்டையை ஒரு வாரம் வீட்டுக்குக் கொடுங்கள்

நரம்பியல் துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை, பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோயுள்ள எங்கள் அப்பாவின் கணுக்கால்களிலும் இடுப்பிலும் நடையை அளக்கும் சென்சார் பட்டை கட்டி, உங்கள் வராந்தாவில் நடக்க வைத்தீர்கள். போய்த் திரும்ப மூன்று நிமிடம். "நடை பரவாயில்லை, இதே மாத்திரை போதும்" என்று சீட்டு வந்தது.

பரவாயில்லைதான். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம், வழவழவென்று நேரான தரை, அடிக்கு ஒரு டைல்ஸ் கோடு, எதிரே டாக்டர். ஒட்டிக்கொண்ட காலையும் கோட்டைக் கண்டால் பார்க்கின்சன்காரர் எடுத்து வைப்பார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

எங்களுடையது பாளையங்கோட்டையில் பழைய வீடு. தார்சா என்கிற முன்கட்டிலிருந்து பட்டாசல் என்கிற கூடத்துக்குள் வர ஒரு நிலைப்படி. சாயங்காலம் நாலு மணிக்கு, அடுத்த மாத்திரைக்குக் கொஞ்சம் முன்னால், அப்பா அங்கே நின்றுபோவார். குதிகால் தூக்கியிருக்கும், முன்பாதம் தரையை விடாது, முழங்கால் மட்டும் வெடவெடவென்று ஆடும். "காலு ஒட்டிக்கிட்டு, எடுக்கவே வரமாட்டேங்குலே" என்பார். நான் என் காலை அவர் முன்னால் குறுக்கே வைப்பேன். அதைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார். போன மாதம் நான் பேங்குக்குப் போயிருந்த நேரம், தாண்டுவதற்குக் கால் இல்லை. நெற்றியில் நாலு தையல்.

நொடிக்கு மூன்றிலிருந்து எட்டு முறை வரை ஆடும் அந்த நடுக்கத்தைச் சாதாரண அடியிலிருந்து பிரித்துக் காட்டக்கூடியது இந்தப் பட்டை. அது வீட்டுக்கு வர வேண்டாமா? கேட்டால், வெளியே கொடுக்க விதியில்லையாம். கண்ணெதிரே பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பீரோ நடப்பதில்லை, ஐயா. 1817இல் இந்த நோயைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், தான் சொன்ன ஆறு பேரில் சிலரைத் தெருவில்தான் பார்த்தார்.

உங்களிடம் வந்து சேர்வதே பெரும்பாடு. டவுன் பஸ்ஸின் முதல் படி எங்கேயோ இருக்கிறது. அப்பா கால் தூக்குவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிறார். ஆட்டோவுக்குக் கேட்கிற காசில்... சரி, அது உங்கள் துறை இல்லை. மன்னிக்கவும்.

ஒரு செட், ஒரு வாரம். டெபாசிட் கட்டுகிறேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மாத்திரை போட்ட நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்துக் கொண்டுவருகிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இதே மாத்திரை போதுமா என்று சொல்லுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவோம். பட்டையை எடுத்து வைத்திருக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அன்றே விசாரித்து வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
குறுக்கே கால் வைக்கும் மகன்
பாளையங்கோட்டை