ஒன்ராறியோ தொழில் அமைச்சருக்கு: சம்பளத்தோட சிக் லீவ் தாங்கோ

வணக்கம்,

நான் ஸ்காபரோவில இருக்கிறன். 2021 ஏப்ரல்ல கொவிட் மூண்டாம் அலை அடிச்ச நேரம் இங்க ஸ்காபரோவில மால்வேர்ன் மாதிரி இடங்களில ஏன் அவ்வளவு பரவினது எண்டு இப்பவும் நீங்கள் சரியா விளங்கிக்கொள்ளேல்லை எண்டுதான் நினைக்கிறன். சனம் கவலையீனமா திரிஞ்சதால இல்லை. வெயார்ஹவுஸ், சாப்பாட்டு ஃபாக்டரி, முதியோர் இல்லம் இதெல்லாம் வீட்டில இருந்து செய்யிற வேலையே? வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரர் கூப்பிட்டா போகவேணும், போகாட்டி அடுத்த கிழமை கோல் வராது. அம்மா அப்பா பிள்ளையள் அம்மம்மா எண்டு எல்லாரும் ஒரு பேஸ்மென்டில இருக்கேக்க, ஒராளுக்கு காய்ச்சல் வந்தா தனி அறைக்கு எங்க போறது?

நாங்கள் சும்மா இருக்கேல்லை. சமைச்சு வாசல்ல வச்சிட்டு போன் அடிச்சம், அரிசி பருப்பு பால்மா கொண்டுபோய் குடுத்தம், இங்கிலீஷ் தெரியாத வயசான ஆக்களுக்கு எங்கட இளம் பிள்ளையள் வக்சீனுக்கு புக் பண்ணிக் குடுத்து, பயந்தவையோட தமிழில ஆறுதலா இருந்து கதைச்சு கூட்டிக்கொண்டும் போனவை. ஆனா விட்டுப்போன ஷிப்ட் காசை எங்களால குடுக்க ஏலாது, வாடகையும் கட்ட ஏலாது. காய்ச்சலோட வேலைக்குப் போனவை ஆசைக்குப் போகேல்லை.

2018ல இந்த மாகாணத்தில வருசத்துக்கு 2 நாள் சம்பளத்தோட லீவ் இருந்தது. 2019 பிறந்த உடன அதை எடுத்துப்போட்டு சம்பளமில்லாத 3 நாள் ஆக்கினீங்கள். பிறகு கொவிட் வந்து ஒரு வருசத்துக்கு மேல சனம் கேட்டுக் கேட்டு, 2021 ஏப்ரல் கடைசியிலதான் சம்பளத்தோட 3 நாள் தந்தீங்கள், அதுவும் நாளுக்கு 200 டொலருக்கு மேல இல்லை. தொற்றெண்டா 10 நாள் வீட்டில இருங்கோ எண்டு சொன்ன அரசு 3 நாளுக்குத்தான் காசு தந்தது, மிச்ச நாளுக்கு அந்தக் குடும்பம் என்ன செய்யிறது? 2023 மார்ச் 31ஓட சம்பளத்தோட தந்த அந்த 3 நாளையும் நிப்பாட்டியாச்சு. ஒட்டாவாவில இருக்கிற ஃபெடரல் அரசு கொவிட் நேரம் வருத்தத்தால வேலைக்குப் போகேலாதவைக்கு கிழமைக்கு 500 டொலர் குடுத்தது உண்மைதான், ஆனா கிழமையில பாதி வேலையாவது தவறியிருக்கவேணும், அப்ளை பண்ணிக் காத்திருக்கவேணும், ரெண்டு நாள் காய்ச்சலுக்கு அது உதவேல்லை.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில 2022ல இருந்து சம்பளத்தோட 5 நாள் இருக்கு. வங்கி, விமானக் கம்பனி மாதிரி ஃபெடரல் சட்டத்துக்குக் கீழ வேலை செய்யிறவைக்கு 10 நாள். ஒன்ராறியோவில இப்ப இருக்கிற சம்பளமில்லாத 3 நாள் லீவுக்கு டொக்டர் துண்டு கேக்கக்கூடாது எண்டு 2024ல நீங்கள் சட்டம் கொண்டுவந்தது நல்ல விசயம், நன்றி. ஆனா சம்பளம் வெட்டுப்படுற லீவை எடுக்க எங்கட ஆக்களுக்கு துணிவு வராது.

வருசத்துக்கு 10 நாள், நிரந்தரமா, ஏஜென்சியால வேலைக்குப் போறவைக்கும் சேர்த்து, அடுத்த தொற்று வர முதல் சட்டமாக்குங்கோ. அந்த அறிவித்தல் தமிழ், உருது, குஜராத்தி, தகாலொக் எல்லாத்திலயும் முதல் நாளே வேலைத்தளங்களில ஒட்டியிருக்கவேணும்.

உங்கட பதிலைப் பாத்துக்கொண்டிருக்கிறம்.